ஈஸ்ட் கோஸ்ட் கரையில் மணல் அரிப்பை அளக்கும் முறை

நீர் விளிம்பை வைத்துக் கரையை அளக்காதீர்கள். சிங்கப்பூரில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 3 மீட்டர் வரை வித்தியாசம் வரும். சரிவு குறைந்த மணலில் விளிம்பு பல மீட்டர் நகர்ந்துவிடும். மணலின் உயரத்தைத்தான் அளக்க வேண்டும்.

நடைபாதையின் கான்கிரீட் ஓரத்தில் தொடங்குங்கள். மரத்திலிருந்து தொடங்க வேண்டாம், அரிப்பில் அதுவே சாயலாம். சென்டிமீட்டர் குறித்த இரு கம்புகளை 2 மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, தண்ணீர் நிரப்பிய டியூபின் இரு முனைகளையும் கம்புகளோடு பிடித்து மட்டம் பாருங்கள். இரு கம்பிலும் நீர்மட்டம் காட்டும் அளவுகளின் வித்தியாசமே மணலின் உயர வித்தியாசம். உள்ளே ஒரே ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் அளவு தப்பு. கம்பின் அடியில் சிறு பலகை வையுங்கள், இல்லையேல் ஈர மணலில் புதையும். வற்ற நேரத்தில் இப்படியே நீர் வரை போகலாம்.

வடகிழக்குப் பருவக்காற்றுக்கு முன் நவம்பரிலும், ஓய்ந்தபின் ஏப்ரலிலும் அளந்து, ஏப்ரலை அடுத்த ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். இடையில் மணல் கொட்டி நிரப்பியிருந்தால் தேதியோடு குறித்துவிடுங்கள்.