சீமைக்கருவேலைத் தூரோடு எடுத்தது

நாங்குநேரிப் பக்கம் தாத்தா வழியில் வந்த புன்செய்த் தோப்பான எங்கள் விளையில் உடைமரம், வேம்பு, பனை எல்லாவற்றையும் சீமைக்கருவேல் நெருக்கிவிட்டது. கரிமூட்டத்துக்கு வெட்ட வெட்டத் தூர் மறுபடி துளிர்க்கும். அதனால் ஐப்பசி மழையில் மண் இளகியதும், சுற்றிக் குழி பறித்து, கடப்பாரையால் நெம்பி, துளிர்விடும் கட்டை மண்ணில் தங்காமல் எடுத்தோம். காய்ந்த காயான நெற்றையும் பொறுக்கிவிட வேண்டும். ஆடு தின்றால் புழுக்கையோடு விதை பரவும்.

அப்புறம், பறவை எச்சத்தில் முளைத்த வேம்புகளில் நேரானவற்றை நிறுத்திப் பக்கக்கிளை கழித்தோம். கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் அதுதான் மரம். தலை பட்டுப்போன மொட்டைப்பனையை விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அதன் பொந்தில்தான் பச்சைக்கிளி குஞ்சு பொரிக்கிறது. பச்சை மரம் எத்தனை நின்றாலும் கிளிக்கு அந்தப் பட்ட மரம் வேண்டும். இனி உடைக்கன்றுகளை ஆடு கடிக்காமல், பிடுங்கிய முள்ளையே சுற்றி அடைக்க வேண்டும்.