விரல் சூப்புற பழக்கமும் முன்பல்லு சந்தும் – என் அனுபவம்

எங்க சின்னவளுக்கு அஞ்சு வயசு, ரங்கூன்ல தாம்வே பக்கம் இருக்கோம். கடவாப்பல்லு கடிச்சாலும் முன்பல்லு மேலயும் கீழயும் ஒட்டாது, நடுவுல விரல் போற அளவு சந்து. மொஹிங்கா (மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ்) சாப்பிட உக்காந்தா நூடுல்ஸ கடிச்சு அறுக்க முடியாம உறிஞ்சி உறிஞ்சி இழுப்பா, குழம்பு பூரா சட்டையில, 'ஸ' சொன்னா நாக்கு வெளிய வந்துரும், ஸ்கூல்ல கேலி பண்ண ஆரம்பிச்சதும் போட்டோக்கு கூட வாய மூடிக்கிட்டுதான் நிப்பா.

பல் டாக்டரம்மா பாத்துட்டு விரல் சூப்புறதுதான் காரணம்னாங்க. பால்பல்லுதானே விழுந்துரும்னு மாமியார் சொன்னத அவங்க ஒத்துக்கல, 6 வயசு வாக்குல நிலைப்பல்லு வர ஆரம்பிச்சிரும், அதுக்குள்ள பழக்கம் நின்னா சந்து பெரும்பாலும் தானா குறையும், கிளிப் இப்ப வேணாம்னாங்க.

வேப்பெண்ணெ தடவுறதெல்லாம் சுத்த வேஸ்ட், துடைச்சிட்டு சூப்புவா. பலன் குடுத்தது எதுன்னா ராத்திரி முழங்கையில தளர்வா எலாஸ்டிக் பேண்டேஜ் சுத்தினதுதான், கைய மடக்கினா லேசா இறுக்கும், தூக்கத்துலயே கை இறங்கிரும். பகல்ல டிவி பாக்குறப்ப கையில களிமண்ணு. திட்டுனா இன்னும் கூடும், அது மட்டும் வேணாம்.

இப்ப சந்து நல்லா குறைஞ்சிருக்கு, நூடுல்ஸ கடிச்சே திங்கிறா. நாக்க முன்னாடி தள்ளுறது இன்னும் விடல, அதுக்கு டாக்டரம்மா பயிற்சி குடுத்திருக்காங்க.