ஜூன் மாதக் கணக்கை வைத்துக்கொண்டு நவம்பர் மலையில் ஏறாதீர்கள்

தீபாவளி முடிந்த கையோடு, தில்லியில் எனக்குத் தெரிந்த தமிழ் இளைஞர்களில் யாராவது ஒருவர் சூர்தார் மலைக்குத் தனியாகக் கிளம்பிவிடுகிறார். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நல்ல காலணி வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் உள்ள சூர்தாரின் உயரம் 3,647 மீட்டர். அடிவாரத்து ஊரான நோஹ்ராதாரிலிருந்து ஏறினால் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றம். பெரும்பாலானோருக்கு ஒரு வழிக்கே ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும்.

பகலின் நீளத்தை மறப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் பிழை இதுதான். ஜூன் மாதத்தில் இந்த மலைப்பகுதியில் மாலை ஏழேகால் வரை வெயில் இருக்கும். நவம்பர் முதல் வாரத்திலோ ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும், காலையிலும் ஆறரை தாண்டித்தான் உதிக்கும். இரண்டையும் சேர்த்தால் பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஆனால் நம்மவர்கள் கோடையில் போய்வந்தவர் எழுதிய பயணக் குறிப்பைப் படித்துவிட்டு, அதே நேரக் கணக்கோடு ஐப்பசியில் புறப்படுகிறார்கள்.

மயூர் விஹாரிலிருந்து போன தம்பி ஒருவர் வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் சோலன் சேர்ந்து, அங்கிருந்து வேறு பேருந்து மாறி, நோஹ்ராதாரில் பராத்தா சாப்பிட்டு முடித்து ஏறத் தொடங்கியபோது மணி பத்தரை. ஏழு மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று படித்திருந்தார். உச்சிக்குக் கீழே பெரும் பாறைகளைக் கைகளால் பற்றித் தாண்ட வேண்டிய இடத்தில் இருட்டிவிட்டது. ஒரு கையில் கைப்பேசி விளக்கு, மறு கையில் பாறை; சற்று நேரத்தில் குளிரில் கைப்பேசியும் அணைந்துபோனது. கோவேறு கழுதையோடு அந்த வழியே வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் அவரைக் கோயில் சராய்க்கு, அதாவது அங்குள்ள தங்குமிடத்துக்கு, கூட்டிக்கொண்டு போயிராவிட்டால் அந்த இரவு எப்படிக் கழிந்திருக்குமோ தெரியாது. ஊர் திரும்பியதும் அவர் என்னிடம் சொன்னது: "கணக்கெல்லாம் சரிதான் அண்ணா, வேகம்தான் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு." வேகம் சற்றும் குறையவில்லை, படித்தபடி ஏழு மணி நேரம்தான் நடந்திருக்கிறார். பத்தரையோடு ஏழைக் கூட்டினால் ஐந்தரை என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை.

இதற்கு வேர் மலையில் இல்லை, அலுவலக விடுப்பில் இருக்கிறது. ஒரு நாள் விடுப்பை மிச்சம் பிடிப்பதற்காக இரவுப் பேருந்திலிருந்து இறங்கிய கையோடு ஏறத் தொடங்குகிறார்கள். முந்தைய இரவை நோஹ்ராதாரில் கழித்துவிட்டு, காலை ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்க வேண்டும். அப்போது எட்டு மணி நேரம் பிடித்தாலும் மூன்று மணிக்குச் சேர்ந்துவிடலாம். நண்பகலுக்குள் பாதி வழியைக் கடக்கவில்லையென்றால் திரும்பிவிட வேண்டும். குழுவாகப் போகும்போது "போதும், இறங்கலாம்" என்று சொல்ல யாராவது இருப்பார். தனியாகப் போகிறவருக்கு அப்படி ஒருவர் இல்லாததால், இந்த நேரத்தைப் புறப்படும் முன்பே தாளில் எழுதிக்கொள்வது நல்லது. நவம்பரில் ஒரே நாளில் ஏறி இறங்கும் திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இருட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது கரடிகள் வாழும் சரணாலயம். குளிர்காலத்துக்கு முன் அவை இரைதேடி அதிகம் அலையும்; அந்தியும் விடியலும் அவை நடமாடும் நேரங்கள்.

கைப்பேசி விளக்கை நம்புவது

தலையில் மாட்டும் விளக்கு வாங்குங்கள்.

"சூர்தார் போகிறேன்" என்று மட்டும் வீட்டில் சொல்வது

சிகரத்துக்கு நோஹ்ராதார் வழியும் உண்டு, சிம்லா மாவட்டத்துச் சௌபால் பக்கம் உள்ள சராஹன் வழியும் உண்டு. எந்த வழியில் ஏறுகிறீர்கள், எதில் இறங்குகிறீர்கள், எந்த நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மா பயப்படுவார் என்று மறைப்பவர்கள், குறைந்தபட்சம் அறையில் உடன் தங்கும் நண்பரிடமாவது கொடுக்கலாம்.

பருத்திச் சட்டை

வியர்வையில் நனைந்தால் காயாது. உச்சியில் அடிவாரத்தைவிடப் பத்து டிகிரி அளவுக்குக் குளிர் கூடுதல், அதோடு காற்றும் சேரும்.

சராய் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது

உச்சிக்குக் கீழே ஷிர்குல் மகாராஜ் கோயிலையொட்டித் தங்குமிடம் உண்டு. பனி விழத் தொடங்கினால் அது எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். வழியில் உள்ள தாபாக்களும் அப்படியே. இரண்டைப் பற்றியும் நோஹ்ராதார்க் கடைத்தெருவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூடியாகிவிட்டது என்றால், அன்று போக முடிந்த வரை போய் நண்பகலில் திரும்பி, நோஹ்ராதாரிலேயே தங்குங்கள்.