ஆக்சிஜனின் 130.4 நானோமீட்டர் ஒளி: எலக்ட்ரான் மோதலில் அளப்பது எப்படி?

ஆக்சிஜன் மூலக்கூறின் மீது எலக்ட்ரான் மோதும்போது, அது உடைந்து ஓர் அணு கிளர்ச்சி நிலையில் வெளிவரலாம். அந்த அணு உமிழும் புற ஊதா ஒளியைத்தான் அளக்கப் போகிறோம். 130.4, 135.6 நானோமீட்டர் ஆகிய இரண்டு கோடுகளில், தொடக்கத்தில் 130.4 போதும். 135.6-ஐத் தரும் அணு சுமார் 180 மைக்ரோவிநாடி கழித்தே ஒளிர்கிறது. அதற்குள் பல பத்து சென்டிமீட்டர் பறந்து கருவியின் பார்வையைத் தாண்டிவிடும்.

படி 1: வெற்றிடம். அறையின் அழுத்தத்தை 10⁻⁷ டாருக்கு (டார் என்பது அழுத்த அலகு) இறக்குங்கள். நிறமாலைமானியும் வெற்றிடத்திலேயே இருக்க வேண்டும். காற்று இந்த ஒளியை விழுங்கிவிடும். சாளரம் மெக்னீசியம் ஃப்ளூரைடு, குவார்ட்ஸ் உதவாது. உணரிக்குச் சீசியம் அயோடைடு பூச்சு நல்லது, எலக்ட்ரானை உமிழும் சூடான இழையின் வெளிச்சம் அதற்குத் தெரியாது. ரோட்டரி பம்பில் சாதாரண எண்ணெய் வேண்டாம்: தூய ஆக்சிஜனில் தீப்பிடிக்கும். ஃப்ளூரின் வகை எண்ணெய் ஊற்றுங்கள்.

படி 2: எலக்ட்ரான் துப்பாக்கி. டங்ஸ்டன் இழை ஆக்சிஜனில் அரிக்கும். தோரியம் ஆக்சைடு பூசிய இரிடியம் தாங்கும். 10 மைக்ரோ ஆம்பியர் கற்றையைப் பாரடே கோப்பையில் (கற்றையின் மின்னோட்டத்தை அளக்கும் கிண்ணம்) பிடியுங்கள்.

படி 3: வாயுவை 2 × 10⁻⁵ டார் வரை விடுங்கள். கற்றையை அணைத்து ஒரு தடவை, வாயுவை நிறுத்தி ஒரு தடவை எண்ணிக்கை எடுத்துப் பின்னணியைக் கழியுங்கள்.

படி 4: அழுத்தத்தை இரட்டித்தால் எண்ணிக்கையும் இரட்டிக்க வேண்டும். அதைவிடக் கூடினால், அயனியாக்கத்தில் பிறந்த எலக்ட்ரான்களும் வேலை செய்கின்றன. குறைந்தால் கற்றை சிதறுகிறது, அல்லது உணரி திணறுகிறது. இரண்டிலும் அழுத்தத்தைக் குறையுங்கள். மின்னோட்டத்துக்கும் இதே சோதனை உண்டு.

படி 5: ஆற்றல் அளவுகோல். பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. மின்வழங்கி காட்டும் வோல்ட்டும் எலக்ட்ரானின் உண்மை ஆற்றலும் ஒன்றல்ல. வெவ்வேறு உலோகப் பரப்புகளுக்கிடையே எழும் தொடுமின்னழுத்தம் அதை 1, 2 வோல்ட் நகர்த்திவிடும். ஆக்சிஜன் இழைப் பரப்பை மாற்றுவதால், வேறு வாயுவில் கண்ட திருத்தம் இங்கே பொருந்தாமல் போகலாம். எனவே ஆக்சிஜனின் சொந்தத் தொடக்க ஆற்றலையே, அதாவது இந்த ஒளி பிறக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலையே, நம்புங்கள். மூலக்கூறை உடைக்க 5.1, அணுவைக் கிளர்த்த 9.5, ஆக 14.6 எலக்ட்ரான் வோல்ட். 0.2 வோல்ட் இடைவெளியில் மெல்ல ஏற்றி, ஒளி தலைகாட்டும் புள்ளியை அங்கே பொருத்துங்கள்.

படி 6: குறுக்குவெட்டு, அதாவது மோதல் இந்த ஒளியைத் தரும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் எண். அதே அமைப்பில் ஹைட்ரஜனை விட்டு, 100 எலக்ட்ரான் வோல்ட்டில் 121.6 நானோமீட்டர் கோட்டை அளந்து ஒப்பிடுங்கள். அந்த ஹைட்ரஜன் கோட்டின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 7 × 10⁻¹⁸ சதுர சென்டிமீட்டர். இரு அலைநீளங்களிலும் கருவியின் உணர்திறன் விகிதத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். அயனி அழுத்தமானி ஹைட்ரஜனை உண்மையில் பாதிக்கும் குறைவாகவே காட்டும். அதைத் திருத்தாவிட்டால் ஆக்சிஜனின் விடை இரண்டு மடங்குக்கு மேல் பிசகும்.