இரண்டு சப்வூஃபர் வைத்தும் பேஸ் எங்கே போகிறது?

ஹோம் தியேட்டரில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, மட்டும் தரும் பெட்டி சப்வூஃபர், சுருக்கமாகச் சப். அதற்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்புவது ரிசீவர். முதலில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை, பிறகு வீட்டில் செட் செய்யும் முறை. ரிசீவர் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது வாட்ஸ். அதைக் கடைசியாகப் பாருங்கள். 80 வாட்ஸுக்கும் 105 வாட்ஸுக்கும் இடையில் இருப்பது சுமார் 1.2 டெசிபெல், காதுக்குத் தெரிந்தாலே பெரிய விஷயம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் ஒரே ஒரு சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கான வழியை) மட்டும் 6 ஓம்ஸில் ஓட்டி, 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) வரை போய் எடுத்தது. மேனுவலின் கடைசிப் பக்கங்களில் ‘8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 2 சேனல்’ என்று பொடி எழுத்தில் இருக்கும் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்து பின்பக்கம். சப்வூஃபருக்கு இரண்டு அவுட் இருக்கிறது என்பதால் இரண்டையும் தனித்தனியாகச் செட் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். விலை குறைந்த மாடல்களில் இரண்டு துளையிலும் வருவது ஒரே சிக்னல். உள்ளேயே ஒய் கேபிள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டெனானில் ‘ஆடிசி சப்ஈக்யூ ஹெச்டி’ (Sub EQ HT) என்று போட்டிருந்தால் இரண்டு சப்புக்கும் லெவல், தூரம் இரண்டும் தனி. ஏவிஆர்-எக்ஸ்3800ஹெச் போன்றவற்றில் நான்கு தனி அவுட்டே உண்டு. ஒரு சப் போதும் என்பவருக்கு இந்தச் செலவு வீண். இரண்டு வாங்கும் எண்ணம் இருந்தால், வாட்ஸுக்குக் கொடுக்க நினைத்த காசை இதற்குக் கொடுக்கலாம்.

டிவியில் இஏஆர்சி (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கு அனுப்பும் வசதி, ஏஆர்சி அதன் பழைய வடிவம்) இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு: ஓடிடி தளங்களின் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் வரும் சரவுண்ட் ஒலி) டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில்தான் வருகிறது, சாதாரண ஏஆர்சியே அதைச் சுமக்கும். ப்ளூரே டிஸ்க்கின் தரம் குறையாத ட்ரூஹெச்டி ஒலிக்குத்தான் இஏஆர்சி வேண்டும். பிளேயரை நேராக ரிசீவரில் சொருகினால் அதுவும் தேவையில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரிசீவர் என்றால் பின்னால் 120 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவரில் சொருகினால் அன்றே கதை முடிந்தது.

1. இடம்

15 அடி நீளம், 11 அடி அகலம் உள்ள ஹாலில் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்புவதால் சுமார் 38 ஹெர்ட்ஸிலும் 51 ஹெர்ட்ஸிலும் முதல் அதிர்வுகள் உருவாகும். நீளவாக்கில் நட்டநடுவே சோஃபா போட்டால் 38 ஹெர்ட்ஸ் அங்கே காணாமல் போகும். பின்சுவரை ஒட்டிப் போட்டால் அதுவே கும்மென்று வீங்கும். வீக்கத்தை ஈக்யூ (ரிசீவரின் ஒலித் திருத்தம்) குறைத்துவிடும். பள்ளத்தை நிரப்ப அதனால் ஆகாது, ஏற்ற ஏற்ற சப்பின் ஆம்ப்தான் திணறும்.

ஒரே சப் என்றால் அதைச் சோஃபாவில் தூக்கி வைத்து, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரம் தவழ்ந்து கேளுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அதுதான் சப்பின் இடம். இரண்டு என்றால் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று. ஹார்மன் ஆடியோ நிறுவனத்தில் இருந்த டாட் வெல்டி 2002இல் பல அமைப்புகளை ஒப்பிட்டபோது நன்றாகத் தேறியவற்றில் இதுவும் ஒன்று. இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும்.

2. சப்பின் குமிழ்கள்

லோபாஸ் குமிழை (வைத்த ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியை வெட்டுவது) உச்சத்துக்கு, அல்லது எல்எஃப்இ (படத்தின் தனி பேஸ் டிராக்) நிலைக்கு. ஃபேஸ் (அலையைத் தள்ளிவைப்பது) பூஜ்யம். கெயின் (சப்பின் சத்த அளவு) பாதி. ‘ஆட்டோ’ சுவிட்சை ‘ஆன்’ பக்கம் தள்ளிவிடுங்கள். இரவில் சத்தம் குறைத்துப் படம் பார்க்கும்போது ஆட்டோவில் சப் தூங்கிவிடும்.

தனி அவுட் இல்லாத ரிசீவரில், ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை டெஸ்ட் டோனில் 72 டெசிபெலுக்கு வையுங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் 75 முதல் 78 வர வேண்டும். தனியாக ஓடியதைவிடக் குறைந்தால் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒன்றின் ஃபேஸை 180க்குத் திருப்புங்கள்.

3. மைக்

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அறையை அளந்து, ரிசீவர் தானாகவே செட் செய்துகொள்ளும் கட்டம் இது. ஃபேன், ஏசி எல்லாம் நிறுத்தவும். மைக்கை கேமரா டிரைபாடில் காது உயரத்தில் வையுங்கள். கையில் பிடிப்பதும் சோஃபாவின் முதுகில் சாய்ப்பதும் வேண்டாம். அளந்து முடிந்ததும் ரிசீவர் காட்டும் சப் லெவலைப் பாருங்கள்: மைனஸ் 12 என்று நின்றால் ரிசீவரால் அதற்குக் கீழே போக முடியவில்லை என்று பொருள். கெயினைக் குறைத்து மறுபடி முதலிலிருந்து.

4. தூரம் – கைவைத்துக் கெடுக்கும் இடம்

டேப்பில் அளந்தால் சப் 3 மீட்டரில் இருக்கும். ரிசீவர் 5.2 மீட்டர் என்று காட்டும். ‘மெஷின் தப்பு’ என்று 3ஆக மாற்றுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. செய்யாதீர்கள்.

அங்கே எழுதியிருப்பது தூரம் என்றாலும் உண்மையில் அது நேரம். சப்பின் உள்ளே இருக்கும் ஃபில்டரும் டிஎஸ்பியும் (ஒலியைக் கணக்கிட்டு மாற்றும் சிப்) ஒலியைச் சற்றுத் தாமதமாக்குகின்றன. அந்தத் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் மீட்டரில் சொல்கிறது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும் என்பதால் கூடுதலாக வந்த 2.2 மீட்டர் என்பது 6.4 மில்லிநொடி. 80 ஹெர்ட்ஸ் அலையின் அரைச்சுற்று 6.25 மில்லிநொடி. நீங்கள் ‘திருத்திய’ உடனே 80 ஹெர்ட்ஸில் ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது சப் உள்ளே இழுக்கும். கிக் டிரம்மின் அடி காணாமல் போய், சப் பழுது என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போகும்.

இன்னொரு குழப்பம் திசை. தூரத்தைக் கூட்டினால் சப் பிந்தாது, முந்தும். தொலைவில் இருக்கிறது என்று நம்பி, மற்ற ஸ்பீக்கர்களை ரிசீவர் நிறுத்தி வைக்கிறது.

சரிபார்க்க: ஸ்டீரியோ மோடில் 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போனில் ஏதாவது டெசிபெல் ஆப் திறந்து வையுங்கள். ரிசீவரில் சப் தூரத்தை, அது காட்டிய எண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் கூட்டியும் குறைத்தும் பார்த்து, எங்கே டெசிபெல் உயர்கிறதோ அங்கே நிறுத்துங்கள். 70, 90 ஹெர்ட்ஸிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே டோனை நம்பினால் அறையின் பள்ளத்தில் விழலாம்.

பொது அவுட்டில் ஒரு சப் 1.5 மீட்டரிலும் இன்னொன்று 4 மீட்டரிலும் இருந்தால், தூர அமைப்பு ஒன்றே ஒன்று என்பதால், 7.3 மில்லிநொடி இடைவெளி அப்படியே தங்கிவிடும். சுமார் 69 ஹெர்ட்ஸில் இரண்டும் மோதிக்கொள்ளும். சம தூரத்தில் வையுங்கள். முடியாவிட்டால் மினிடிஎஸ்பி 2x4 ஹெச்டி என்ற, ஒலியைத் தாமதப்படுத்தும் சிறு பெட்டி ஒன்றை நடுவில் போட்டு, அருகில் இருப்பதற்கு அந்த 7.3 மில்லிநொடித் தாமதத்தைக் கொடுங்கள். ஃபேஸ் குமிழைத் திருகிச் சமாளிப்பது அரைகுறை வைத்தியம்.

5. கிராஸ்ஓவர்

எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி ஸ்பீக்கரை விட்டுச் சப்புக்குப் போக வேண்டும் என்பதுதான் கிராஸ்ஓவர். எல்லா ஸ்பீக்கரும் ‘ஸ்மால்’, 80 ஹெர்ட்ஸ். டவர் ஸ்பீக்கர்காரர்களுக்கு இது கௌரவக் குறைச்சலாகத் தெரியும், ஆம்ப்புக்கு நிம்மதி. ரிசீவர் 110 என்று கண்டுபிடித்திருந்தால் அதைக் கீழே இறக்காதீர்கள், அதற்குக் கீழே ஸ்பீக்கரால் முடியாது. 40 என்றிருந்தால் தாராளமாக 80க்கு ஏற்றலாம். எல்எஃப்இ லோபாஸ் 120. 80க்கு மாற்றினால் படத்தின் குண்டுவெடிப்பில் மேல்பாதி போய்விடும்.

பிறகு சேர்த்தது: ‘ம்ம்ம்’ இரைச்சல்

சப்பிலிருந்து பலருக்கும் வரும் சிக்கல் இது. முதலில் செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் லூப் (எர்த் இரண்டு வழியாகச் சேர்வதால் உண்டாகும் வளையம்) அந்த வழியாக வருகிறது. அந்த வயரில் ஒரு கோஆக்ஸ் ஐசோலேட்டர் போதும். நிற்காவிட்டால் சப்பையும் ரிசீவரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றுங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் எலக்ட்ரீஷியனை மட்டும் அனுப்பிவிடுங்கள்.