'ரயட் ஆக்ட்' என்று கேட்டதும் வேலையை விட்டுவிடாதீர்கள்

லண்டனுக்கு வந்ததும் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈ-விசா கணக்கில் விவரங்கள் சரியா என்று பாருங்கள். வேலை செய்ய அனுமதி உண்டு என்று முதலாளிக்குக் காட்ட ஷேர் கோட் எடுங்கள். என்.ஐ. (தேசியக் காப்பீட்டு) எண்ணுக்கு விண்ணப்பியுங்கள், பக்கத்து ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிந்துகொள்ளுங்கள். முழுநேர மாணவர் என்றால் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) விலக்கு கேளுங்கள். இதற்கெல்லாம் அரசு இணையதளமே போதும்.

நான் எழுத வந்தது வேறு. மாணவர் விசாவில் வந்த என் நண்பன் ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை பார்த்தான். ஒருநாள் தாமதமாக வந்தவர்களை மேலாளர் நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்திருக்கிறார். அன்று இவனுக்கு ஷிஃப்ட் இல்லை. இரவு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், மேலாளர் 'ரெட் அஸ் தி ரயட் ஆக்ட்' என்று எழுதியிருந்தார். அதாவது, 'எங்களுக்குக் கலவரச் சட்டத்தைப் படித்தார்'. கலவரச் சட்டம்! ஊரில் 144 தடை உத்தரவைப் பார்த்து வளர்ந்தவன். போலீஸ், வழக்கு, விசா ரத்து என்று பயந்துவிட்டான். அறையில் இருந்த நம்மவர்களும் "கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாதே" என்றார்கள். போகவில்லை, போனையும் எடுக்கவில்லை. சொல்லாமல் வராததற்காக வேலை போனது, வாடகைக்குக் கடன் வாங்கினான். விசாரிக்காமல் அறிவுரை சொன்ன அந்த அண்ணன்மார் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அந்தச் சட்டம் நிஜமாகவே இருந்தது. பிரிட்டனில் முதலாம் ஜார்ஜ் அரசர் அரியணை ஏறியதை எதிர்த்துக் கலகங்கள் வெடித்த காலத்தில் கொண்டுவந்தார்கள். 1715 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால், மேயரோ மாஜிஸ்திரேட்டோ அவர்கள் முன் நின்று, கலைந்து போகும்படி அரசர் பெயரால் ஓர் அறிவிப்பை உரக்கப் படிக்க வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரம் அவகாசம். அப்புறமும் நின்றால் மரண தண்டனைக்குரிய குற்றம். 'அரசரை இறைவன் காக்க' என்ற கடைசி வரி வரை படித்தாக வேண்டும். சட்டம் 1967இல் இங்கிலாந்தில் செல்லாததாகிவிட்டது, பேச்சில் மட்டும் தங்கிவிட்டது. இன்று அதற்கு, 'ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள்' என்று கடுமையாகத் திட்டினார் என்றுதான் பொருள்.

வேலையிடத்தில் நிஜமான நடவடிக்கை என்றால் பொதுவாகக் கடிதமோ மின்னஞ்சலோ வரும். டிசிப்ளினரி (ஒழுங்கு நடவடிக்கை) கூட்டத்துக்குக் கூப்பிட்டால் உடன் வேலை செய்பவரையோ யூனியன் பிரதிநிதியையோ அழைத்துப்போக உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, கேட்டு வாங்குங்கள். மாணவர் விசாவுக்கு ஸ்பான்சர் (பொறுப்பேற்பவர்) உங்கள் பல்கலைக்கழகம், கிடங்கு மேலாளர் அல்ல. சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்தில் உள்ள சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அன்றைக்கே கேளுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள்.