வடகடலா, தென்கடலா?

பாம்பனில் மீன் ஏலக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. விடியற்காலை நாலரைக்குக் கரைக்குப் போனால் சிட்டையை மூட ஒன்பதரை ஆகிவிடும். அதற்குப் பிறகு, வீட்டில் உலை வைக்கும் வரை கிடைக்கிற ஒரு மணி நேரத்தில்தான் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறேன். வேலையும் பார்த்துக்கொண்டு எழுத முடியுமா என்று கேட்பவர்களிடம் அழ. வள்ளியப்பாவைச் சொல்வேன். வங்கி வேலையில் இருந்துகொண்டேதான் அவர் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதினார்.

எழுத உட்கார்ந்ததும் பேனாவைத் தொடாதீர்கள். நாலு ஏ4 தாளை அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடியுங்கள். (என்னுடையது எப்போதும் பழைய சிட்டையின் பின்பக்கம், முன்பக்கத்தில் காரல் இத்தனை கூடை, நகரை இத்தனை கிலோ என்று இருக்கும்.) 16 பக்கம் வரும். முதல் பக்கம் தலைப்புக்கு, இரண்டாவது பதிப்பு விவரத்துக்கு, கடைசிப் பக்கத்தை விட்டுவிடுங்கள். மிச்சம் 13. பக்கத்துக்கு 30 சொல் வைத்தால் முழுக் கதையும் 390 சொல்தான். இந்தக் கணக்குத் தெரியாமல் என் முதல் கதையை 2,000 சொல்லுக்கு இழுத்தேன். அதன் தொடக்கம் இப்படி இருந்தது: "கதிரவன் தன் பொற்கரங்களால் கடலன்னையைத் தழுவிய அதிகாலை வேளையில் ஜோஸ்பின் கண்விழித்தாள்." இப்போது இருப்பது: "ஜோஸ்பின் எழுந்தபோது அப்பாவின் வத்தை கரையில் இல்லை." (வத்தை என்பது எங்கள் பக்கத்துச் சின்ன நாட்டுப்படகு.) கதிரவனைத் தூக்கியதில் யாருக்கும் நட்டமில்லை.

மடித்த தாளில் எழுதுவதால் இன்னொரு லாபம் உண்டு. ஒற்றைப்படைப் பக்கம் வலது கைப் பக்கம். அதன் கடைசி வரியைப் படித்ததும் பிள்ளை தாளைப் புரட்ட வேண்டும். புரட்ட ஒரு காரணத்தை அங்கே வையுங்கள். என் கதையில் 7ஆம் பக்கம் இப்படி முடியும்: "ஜோஸ்பின் வலையை இழுத்தாள். வலை ஜோஸ்பினை இழுத்தது." அடுத்த பக்கத்தில் ஆவுளியா. வெளியூர்க்காரர்கள் கடல் பசு என்பார்களே, அதுதான்.

எந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சொல் என்று குழப்பமாக இருந்தால், பக்கத்து அரசுப் பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கேட்டுப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். படிக்குப் படி வரி எப்படி நீள்கிறது என்று கண்ணாலேயே அளந்துகொள்ளலாம்.

எழுதியாயிற்றா? இனிதான் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் வருவதால் என் சிட்டை மெலிந்துவிடும், பிள்ளைகளுக்கும் பள்ளி லீவு. அப்போதுதான் வாசித்துக் காட்டுவேன். நான் எழுதியது என்று சொல்வதில்லை. சொன்னால் மரியாதைக்கு உட்கார்ந்திருப்பார்கள். மணலில் உட்காரவைத்து வாசியுங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். எந்த வரியில் கை மணலைத் தோண்டத் தொடங்குகிறதோ அந்த வரிக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டு பேர் சேர்ந்து தோண்டினால் பக்கத்தையே கிழித்துவிடலாம்.

போன முறை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாவது வரியிலேயே மறித்தான். மார்கழியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிப்பதாக அங்கே எழுதியிருந்தேன்.

"அக்கா, மார்கழில ஏது கச்சான்? வாடைல்ல அடிக்கும்."

"சரிடா, வாடைன்னு மாத்திக்கிறேன்."

"மாத்துனா? வத்தை வடகடல்ல கெடக்கா, தென்கடல்லயா?"

வடகடல் என்றேன். மொத்தக் கூட்டமும் சிரித்தது. பாம்பனுக்கு இரண்டு பக்கமும் கடல்: வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருந்து வாடை அடிக்கையில் வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காலத்தில் அப்படியே தலைகீழ். நானோ மார்கழி வடகடலில், தாத்தாவும் பேத்தியும் சின்ன வத்தையில் பாட்டுப் பாடிக்கொண்டு போவதாக எழுதியிருந்தேன். இத்தனை வருடம் கரையில் கணக்கெழுதியவள் நான். மூன்று பக்கத்தைத் திருத்தி, கதையைத் தென்கடலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். ஆகவே காற்று, மாதம், கடல் மூன்றையும் ஓரத்தில் எழுதிவைத்து, கடல் தொழிலுக்குப் போகிற ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அதே பையன் இன்னொன்றும் சொன்னான். ஆவுளியாவை விடுவிக்கும் இடத்தில் என் தாத்தா, அது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது என்று பேத்திக்கு விளக்குவார். "தாத்தா ஏன்க்கா பாரஸ்ட் ஆபீசர் மாதிரி பேசுறாரு?" இப்போது தாத்தா வாயே திறப்பதில்லை. கத்தியை எடுத்து வலையை அறுக்கிறார். அறுத்தது புது வலை என்பது படத்தில் தெரியும்.

படத்துக்கு வருவோம். ஓவியர் சென்னையில் இருந்தால் போட்டோ அனுப்பாமல் விடாதீர்கள். எனக்கு முதலில் வந்த ஆவுளியாவுக்கு மீன் வால். அதன் வால் ஓங்கிலின் (டால்பின்) வால்போலக் கிடைமட்டம், மேலும் கீழும் அடிக்கும். மூக்குத் துளை முகத்தின் மேல்பக்கம். மூச்சுவிட நீருக்கு மேலே வந்தாக வேண்டும், வலையில் மாட்டினால் சாவதும் அதனால்தான். இதையெல்லாம் ஒரு தாளில் கோட்டுப் படமாகக் கிறுக்கி அனுப்பினேன். என் கிறுக்கல் பூசணிக்காய் மாதிரி இருந்தது, ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது, மாற்றக் கூடாத சொற்களை ஒரு தனித் தாளில் எழுதி இணையுங்கள். ஒரு இடத்தில் என்னைக் கேட்காமலே 'வத்தை' எல்லாம் 'படகு' ஆகிவிட்டது. எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் புரிய வேண்டுமாம். பக்கத்திலேயே படம் இருக்கும்போது புரியாமல் என்ன? பணத்துக்குப் பதில் 25 பிரதி தந்தார்கள். காசா, பிரதியா, உரிமை யாருக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏலத்தில் கூடையைத் தூக்கிய பிறகு விலை பேசுவோமா?

தென்கடல் கதை வேறு இடத்தில் வத்தையோடேயே அச்சானது. முதல் பிரதியை அந்தப் பையனிடம் கொடுத்தேன். 9ஆம் பக்கத்தில் விரலை வைத்தான்.

"நங்கூரம் போடாம வத்தை எப்புடிக்கா நிக்குது?"

அடுத்த பதிப்பு வந்தால் திருத்த, அன்றைய சிட்டையின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.